சீதோனில் கிடைத்த அனுமதி

வாசிக்க: அப்போஸ்தலர் நடபடிகள் 27:1–12, உபாகமம் 5:12–15



நான்கு வாரங்களாக இப்பகுதியில் நான் எழுதவில்லை. காரணத்தைச் சபையார் அறிவர். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். நான் குருப்பட்டம் பெற்று 25 ஆண்டுகள் நிறைவுற்றதை முன்னிட்டு, இங்கிலாந்தில் செவிலியராகப் பணிபுரியும் எங்கள் மூத்த மகள் என்னையும் என் துணைவியாரையும் மத்தியதரைக் கடலில் ஒரு நீண்ட கப்பல் பயணத்துக்கு அனுப்பிவைத்தாள். சவுத்தாம்ப்டனில் ஏறி, ரோது தீவு வரை சென்று, கிரேத்தா, மால்டா வழியாகத் திரும்பும் 24 நாள் பயணம். அவ்வளவு பணத்தைக் கடலில் கரைக்கவேண்டுமா என்று நான் மறுத்தேன். "பவுல் போன கடல்தானே அப்பா, போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அவள் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. எந்த வேதப்பகுதியை எங்கே வைத்தால் அப்பா வாயடைப்பார் என்பது போதகர்களின் பிள்ளைகளுக்குத் தெரியும்.

பயணக் குறிப்புகள் எப்போது வரும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். ரோதுவையும் கிரேத்தாவையும் பற்றிப் பின்னர் எழுதுவேன். இவ்வாரம் நான் எழுத விரும்புவது, பயணத்தின் 16ஆம் நாள், மால்டாவின் துறைமுகத்தில் நான் ஒன்றும் செய்யாமல் கழித்த ஒரு பிற்பகலைப் பற்றி. ஒன்றும் செய்யாதது என்று நான் சொல்வது சரியான சொல்தான் என்பதைப் போகப்போகக் காண்பீர்கள்.

மால்டா என்பது நம் வேதாகமத்தில் மெலித்தா என்று வரும் தீவு. பவுலும் அவரோடு கப்பலில் இருந்தவர்களுமாக 276 பேர் உடைந்த பலகைகளைப் பற்றிக்கொண்டு கரையேறிய இடம். நாங்கள் அவ்விதம் கரையேறவில்லை. காலை ஏழு மணிக்கு, காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்தபடி, வலேட்டா நகரின் பெரிய துறைமுகத்துக்குள் நுழைந்தோம். அந்நுழைவைப் பார்க்கவேண்டும். இருபுறமும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல்லால் எழுந்த கோட்டைச் சுவர்கள். அவற்றுக்குமேல் தேவாலயக் குவிமாடங்கள். 1565இல் துருக்கியரின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த பின், அடுத்த ஆண்டே யோவான் சபையின் வீரர்கள் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். துறைமுகத்தில் இன்றும் கோட்டைக்கும் வீட்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. எல்லாம் ஒரே கல், ஒரே நிறம்.

வெயில் ஏறுமுன் இறங்கிவிட்டோம். துறைமுகத்திலிருந்து நகரின் உயரத்துக்குக் கொண்டுசெல்ல 58 மீட்டர் உயரமுள்ள மின்தூக்கி ஒன்று இருக்கிறது. மேலே போய், குறுகிய தெருக்களின் நிழலோடு நிழலாக நடந்து, பவுலின் கப்பற்சேதத்தின் நினைவாக எழுப்பப்பட்ட தேவாலயத்தை அடைந்தோம். அப்போஸ்தலரின் மணிக்கட்டு எலும்பு என்று ஒன்றையும், அவர் சிரச்சேதம் செய்யப்பட்ட தூணின் துண்டு என்று ஒன்றையும் அங்கே பேணிவருகிறார்கள். செமினரியில் சபைச் சரித்திரம் படித்தவனுக்கு இத்தகைய பொருள்களின்முன் என்ன தோன்றுமோ அது எனக்கும் தோன்றியது. என் துணைவியாரோ அந்தத் தேவாலயத்தில் வெகுநேரம் அமர்ந்திருந்தார். எலும்பைப் பற்றி அவர் கேட்கவில்லை. "குளுகுளுன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

நண்பகலில் துறைமுகத்தை நோக்கிய பூங்காவில் நின்றோம். கீழே உள்ள பீரங்கித் தளத்தில் நாள்தோறும் பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பீரங்கி வெடிப்பது வழக்கம். அந்த நாள்களில் கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்துகொள்வதற்காக நண்பகல் பீரங்கி வெடித்தார்களாம். வெடி முழங்கிப் புகை கலைந்தபோது வெப்பம் 36 பாகை. அதற்குமேல் நடக்க எவருக்கும் மனம் வரவில்லை. கடைகளும் ஒவ்வொன்றாக மூடத்தொடங்கின. மதிய உறக்கத்துக்குத் தயங்காத நாடு அது. நாங்களும் கப்பலுக்குத் திரும்பினோம்.

நீண்ட பயணத்தில், துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பிற்பகல் ஒரு தனி வகையான பொழுது. ஈராயிரம் பேர் இருக்கும் இடத்தில் இருநூறு பேர்கூட இல்லை. இயந்திரத்தின் அதிர்வு நின்றுபோயிருக்கும். பதினைந்து நாள்களாகக் காலடியில் இருந்த நடுக்கம் இல்லாததே காதுக்கு ஒரு புதுமை. நீச்சல்குளத்தில் ஒரு முதியவர் மட்டும் மல்லாந்து மிதக்கிறார். எங்கோ ஒரு தேவாலயத்தின் மணி. நிழலுள்ள பக்கமாக ஒரு சாய்வு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, மடியில் விரித்த புத்தகத்தை வாசிக்காமல் படுத்திருந்தேன். இருபத்தைந்து ஆண்டு ஊழியத்தில் அப்படியொரு பகலை நான் அனுபவித்ததில்லை. தொலைபேசி ஒலிக்காது, அடக்க ஆராதனைக்கு அழைப்பு வராது, திருமண அறிக்கையில் பெயரைப் பிழையாக வாசித்துவிட்டீர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கர்த்தர் எனக்கென்று வைத்திருந்த ஓய்வுநாள் இதுவே என்று எண்ணி நன்றி செலுத்தினேன். அந்த நன்றியில் பொய் இல்லை.

அப்போதுதான் துண்டுகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு ஒரு தம்பி வந்தார். முப்பது வயது இருக்கலாம். என் துணைவியார் என்னிடம் வெயிலைப் பற்றி ஏதோ சொல்ல, அவர் நின்றுவிட்டார்.

"அம்மா, நீங்க தமிழா?"

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூர்க்காரர். அதுவரை கீழ்த்தளத்தில் சலவைப் பகுதியில் இருந்தவரை அன்றுதான் மேல்தள வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அதனால்தான் பதினைந்து நாள்களாக ஒருவரையொருவர் காணவில்லை.

"ஐயா என்ன வேலை பாக்குறீங்க?"

"இவுக சி.எஸ்.ஐ. ஐயர் தம்பி" என்றார் என் துணைவியார்.

"ஓ, கல்யாணம் ஆன சாமியார்" என்று சிரித்தார். அவர் கத்தோலிக்கர். எங்கள் பக்கத்தில் இந்தக் கேலி பழகியதுதான்.

எட்டு மாத ஒப்பந்தம், அதில் ஆறு மாதம் முடிந்துவிட்டது என்றார். இந்தத் துறைமுகத்துக்குப் பதினொரு முறை வந்திருக்கிறார். ஒரே ஒரு முறை இறங்கியிருக்கிறார். அன்றும் ஊருக்குள் போகவில்லை. கப்பலடியிலேயே இலவச வைஃபை கிடைக்கும் ஒரு கடைவாசலில் உட்கார்ந்து, மகளிடம் முகம் பார்த்துப் பேசிவிட்டு ஏறிவிட்டார். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும், தீ முதலிய ஆபத்து நேர்ந்தால் ஈடுகொடுக்க ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையான பணியாளர்கள் கப்பலிலேயே இருந்தாகவேண்டும். முறைவைத்துத்தான் விடுகிறார்கள். அன்று அவருடைய முறை இல்லை.

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கமாட்டீங்களே? நாளைக்கு எங்கம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன். இந்த ஊருக்குள்ள சின்னப்பர் கோவில் இருக்காமே. அங்க ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி அம்மா ஆறு மாசமா கேக்குறாங்க. நீங்க சாயந்தரம் வெளிய போனீங்கன்னா…" கையில் இரண்டு யூரோ நாணயம் ஒன்று இருந்தது.

நம் சபைகளில் பவுல் என்பவரைக் கத்தோலிக்க மூத்தோர் சின்னப்பர் என்பர். காலையில் நான் நின்ற அதே தேவாலயம்தான்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "அம்மாவுக்காக ஜெபிக்கிறேன் தம்பி."

அவர் நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றி ஐயா" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் முகத்தில் வருத்தம்கூடத் தெரியவில்லை. விருந்தினரிடம் வருத்தம் காட்டாதிருப்பது அவர்கள் கற்றிருக்கும் பணிகளில் ஒன்று.

வாசகரே, ஜெபிக்கிறேன் என்பது போதகர்களுக்கு எளிதாகக் கிடைக்கும் சொல். அதைச் சொல்லியபின் எழுந்திருக்கவேண்டியதில்லை. அன்று என் மனம் எனக்குத் தந்த சமாதானங்கள் மூன்று. மெழுகுதிரி ஏற்றுவது நம் வழக்கமன்று என்பது ஒன்று. வெயில் கடுமை என்பது ஒன்று. ஊழியனுக்கும் ஓய்வு வேண்டும், இது தேவன் தந்த ஓய்வு என்பது மூன்றாவது. முதலாவதைத்தான் எனக்குள் பெரிதாகச் சொல்லிக்கொண்டேன், ஏனெனில் அதுதான் கேட்பதற்கு மரியாதையாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், மெழுகுதிரிக்குப் பதிலாக ஒரு சோப்புக்கட்டி வாங்கிவரச் சொல்லியிருந்தாலும் என் பதில் அதே பதில்தான். உபதேசம் அன்றைக்கு எனக்கு ஒரு குடையாகப் பயன்பட்டது.

ஜெபித்தேனா என்று கேட்பீர்கள். தொடங்கினேன். பாதியில் உறங்கிவிட்டேன்.

நான்கு மணிப் பீரங்கி என்னை எழுப்பியது. கோட்டையடியில் நிற்கும் கப்பலில் அது நெஞ்சில் அடிப்பதுபோல் கேட்கிறது. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது, குடையும் இல்லை. எழுந்து கம்பிப் பிடியருகே போய் நின்றேன். காலையிலிருந்தே நடந்துகொண்டிருந்தவற்றை அப்போதுதான் பார்த்தேன். எங்கள் கப்பலின் பக்கச்சுவரில், மிதவை ஒன்றின்மேல் நின்றபடி இருவர் நீண்ட கழிகளில் உருளையைக் கட்டி வெள்ளை வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். சற்று முன்னே, ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகு ஒன்றைக் கடலில் இறக்கி, மிதவைச் சட்டைகளை இறுக்கிக் கட்டிய இருபது பேர் அந்த வெயிலில் பயிற்சி செய்தார்கள். கப்பலின் அடிவாசலில் தர்பூசணிப் பெட்டிகளும் வெங்காய மூட்டைகளும் ஏறின. குப்பை மூட்டைகள் இறங்கின. பயணிகளுக்குத் துறைமுகநாள் ஓய்வுநாள். கப்பலுக்கு அது வீடு கழுவும் நாள். நாம் கண்ணில் படாத வேளையில்தான் அவ்வேலைகள் நடக்கமுடியும்.

யோனா தீர்க்கதரிசியின் நினைவு வந்தது. கப்பற்காரர்கள் பாடுபடுகையில் கீழ்த்தட்டில் உறங்கிய ஊழியக்காரர் அவர். மேல்தட்டில் உறங்கியது மட்டுமே என் வேறுபாடு.

ஐந்து மணிக்குமுன் என் துணைவியார் வந்தார். முகம் சிவந்து, சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. ஆலயக் கதவு மூடியிருந்ததாம். திறக்கும்வரை எதிர்ப்படியில் உட்கார்ந்திருந்தாராம். "ஏத்திட்டேன்" என்றார். நம் வழக்கம் குறித்து நான் ஏதோ முணுமுணுத்தேன் போலிருக்கிறது. "எரிஞ்சது மெழுகு. அதுல உங்க உபதேசத்துக்கு என்ன சேதம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தத் தம்பியைத் தேடிச் சொல்லியும்விட்டார் என்பதை மறுநாள்தான் அறிந்தேன்.

அன்றிரவு அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். அதன்மேல் நான் பத்துப் பன்னிரண்டு முறையாவது பிரசங்கித்திருப்பேன். எப்போதும் புயல்தான், நங்கூரங்களும், பதினான்கு இரவுகளும், தேவதூதனின் செய்தியும்தான். மூன்றாம் வசனத்தில் நான் ஒருமுறையும் நின்றதில்லை. செசரியாவிலிருந்து புறப்பட்ட மறுநாள் கப்பல் சீதோன் துறையில் நிற்கிறது. பவுல் ஒரு கைதி. அவரைக் காவல்செய்யும் நூற்றுக்கு அதிபதியான யூலியு, அவரிடம் அன்பாக நடந்து, அவ்வூரிலிருந்த நண்பர்களிடம் போய்க் கவனிப்புப் பெற்றுவர அனுமதிக்கிறார். அவ்வளவே. அடுத்த வசனத்தில் கப்பல் புறப்பட்டுவிடுகிறது. ஒரு பகற்பொழுதின் கரையிறக்கம். எத்தனையோ ஊர்களை ஒரே சொல்லில் கடந்துபோகும் லூக்கா, இதை எழுதிவைக்கத் தகுந்ததென்று எண்ணியிருக்கிறார்.

செமினரியில் எங்களுக்குக் கற்பித்த கிரேக்கம் இத்தனை ஆண்டுகளுக்குப்பின் எனக்கு ஒரு பயன் தந்தது. அங்கே கவனிப்பு என்ற பொருளில் வரும் சொல் எபிமெலேயா. புதிய ஏற்பாட்டில் அச்சொல் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. ஆனால் அதனோடு பிறந்த வினைச்சொல் வேறு இரண்டு இடங்களில் வருகிறது. நல்ல சமாரியன் காயப்பட்டவனைச் சத்திரத்தில் வைத்துப் பராமரித்தான் என்னும் இடத்தில் லூக்காவே அதைப் பயன்படுத்துகிறார். மற்றது தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம்: தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கும் இடம். சீதோனில் கைதிக்குக் கிடைத்ததும், எரிகோ சாலையில் குற்றுயிரானவனுக்குக் கிடைத்ததும், நான் குருப்பட்டம் பெற்றபோது செய்வதாக வாக்களித்ததும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொல்.

ஆகவே என் கருத்தை மறைக்காமல் வைக்கிறேன். ஓய்வுநாள் கட்டளையை நாம் பெரும்பாலும் தலைகீழாக வாசித்துவந்திருக்கிறோம். எனக்கு ஓய்வு வேண்டும், என் குடும்பத்துக்கு ஓய்வு வேண்டும், ஊழியனுக்கு ஓய்வு வேண்டும் என்றே வாசிக்கிறோம். அக்கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் உள்ளது. யாத்திராகமம் தேவனுடைய சிருஷ்டிப்பின் ஓய்வைக் காரணமாகச் சொல்கிறது. உபாகமம் எகிப்தின் அடிமைத்தனத்தைக் காரணமாகச் சொல்கிறது. நீ அடிமையாயிருந்ததை நினைத்து, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறச் செய் என்பது அதன் கருத்து. வேலைக்காரன் ஓய்ந்தானா என்பதுதான் எஜமானின் ஓய்வுக்கு அளவுகோல். நான் படுத்திருந்த நாற்காலிக்குத் துண்டு கொண்டுவந்தவருக்கு அந்நாளில் ஓய்வில்லையெனில், நான் அனுபவித்தது இளைப்பு நீங்கிய ஒரு பகல். அதை ஓய்வுநாள் என்று அழைக்க எனக்கு உரிமை இல்லை.

உலகச் சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதையும் ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். கடற்பணியாளர் உரிமைகளுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றிய உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. நம் நாடும் 2015இல் அதை ஏற்றுக்கொண்டது. ஓய்வு நேரத்தைக் கணக்கிட்டுக் காக்கும் முறையில், 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி ஓய்வு தரவேண்டும் என்கிறது அது. நல்ல சட்டம்தான், அது இல்லாத காலம் இதைவிட மோசம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி. 77ஐக் கழித்தால் 91. வாரம் 91 மணி வேலை வாங்கினாலும் அந்த அளவுகோலின்படி குற்றமில்லை. கரையிறங்கும் விடுப்பையும் அவ்வுடன்படிக்கை உறுதிசெய்கிறது. உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் அது தேவை என்று காரணமும் சொல்கிறது. ஆயின் அவரவர் பணியின் தேவைக்கு இசைந்தவாறு என்று ஒரு வால் இருக்கிறது. பதினொரு முறை வந்தும் ஒருமுறை இறங்கிய கதை அந்த வாலில்தான் நுழைந்துகொள்கிறது. எந்த நிறுவனத்தையும் குற்றஞ்சாட்ட எனக்கு ஆதாரம் இல்லை. ஒருவேளை ஒரு விதியும் மீறப்படாமலே இருந்திருக்கலாம். அதுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தை நினைத்துப்பாருங்கள். துறைமுகங்கள் மூடப்பட்டன. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வீடு திரும்ப வழியின்றி உலகெங்கும் ஏறக்குறைய 4 இலட்சம் கடற்பணியாளர்கள் கப்பல்களிலேயே சிக்கிக்கிடந்தார்கள். நாம் வீட்டுக்குள் அடைபட்டதைப் பற்றி அந்நாள்களில் எத்தனை தியானங்கள் எழுதினோம்! நானே எழுதினேன். அவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. நம் வீட்டுக்கு வந்த பாமாயிலும் பருப்பும் மருந்தின் மூலப்பொருளும் அவர்கள் ஓட்டிய கப்பல்களில்தான் வந்தன.

மால்டாத் தீவினருக்கு இது மறக்கவில்லை. 1942 ஆகஸ்டில், முற்றுகையில் பட்டினியாக இருந்த அத்தீவுக்கு 14 வணிகக் கப்பல்கள் அனுப்பப்பட்டன. வந்துசேர்ந்தவை ஐந்து. எண்ணெய் ஏற்றிவந்த ஒகாயோ என்னும் கப்பல், குண்டடிபட்டு மூழ்கும் நிலையில், இரு போர்க்கப்பல்கள் இருபுறமும் அணைத்துப் பிடித்துவர, ஆகஸ்ட் 15ஆம் நாள் நான் உறங்கிய அதே துறைமுகத்துக்குள் நுழைந்தது. மரியாளின் திருநாளில் வந்ததால் அந்தக் கப்பற்கூட்டத்தையே மரியாளின் பெயரால் இன்றும் அழைக்கிறார்கள். பசித்தவர்களுக்குக் கப்பற்காரனின் அருமை தெரியும். நமக்கு வயிறு நிறைந்திருக்கிறது.

சிலர் கேட்கலாம்: அப்படியானால் கப்பலில் போவதே பாவமா? அவ்வாறு நான் எண்ணவில்லை. அந்தத் தம்பி தன் வேலையை நேசித்தார். ஊரில் வீட்டுக்கு மேல்தளம் எழும்பிக்கொண்டிருக்கிறது என்று கைப்பேசியில் படம் காட்டினார். பயணிகள் வராவிட்டால் முதலில் காயப்போவது அவர் வீட்டுச் சுவர்தான். நம் இரக்கத்தை அவர் கேட்கவில்லை. அவருக்குத் தேவை ஒரு பிற்பகல். இறங்கிப் போய்வர மூன்று மணி நேரம். அல்லது, அவரால் இறங்க முடியாதபோது, அவருக்காக இறங்க ஒரு ஆள்.

இப்படி எழுந்துபோன ஒரு போதகர் இருந்தார். 1835இல் ஜான் ஆஷ்லி என்னும் ஆங்கிலிக்கன் குரு, பிரிஸ்டல் கால்வாய்க் கரையில் கிளீவ்டன் என்னும் ஊரில் விடுமுறையில் இருந்தார். கடலில் தெரிந்த தீவுகளைக் காட்டி, அங்கே இருப்பவர்கள் எப்படிக் கோயிலுக்குப் போவார்கள் என்று அவருடைய சிறு மகன் கேட்டதாகச் சொல்வார்கள். அவர் படகேறித் தீவுகளுக்குப் போனார். போன இடத்தில், காற்றுக்காகக் காத்து நங்கூரமிட்டிருந்த கப்பல்கள் கண்ணில்பட்டன. அவற்றில் இருப்போரை எந்தக் குருவும் சென்று காண்பதில்லை என்றும் அறிந்தார். பின்னர் அவர்களைத் தேடிச் செல்வதையே தம் ஊழியமாக்கிக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்து 1856இல் உருவான ஊழிய அமைப்பு இன்றும் பல நாட்டுத் துறைமுகங்களில் கடற்பணியாளரைச் சந்திக்கிறது. கத்தோலிக்கருக்கும் கடலின் விண்மீன் என்ற மரியாளின் பெயரில் இத்தகைய பணி உண்டு. இவ்வூழியர்கள் பெரும்பாலும் செய்வது என்ன தெரியுமா? கடைக்கு அழைத்துப் போகிறார்கள். வீட்டோடு பேச வசதி செய்கிறார்கள். இறங்கமுடியாதவனுக்குப் பற்பசை வாங்கிவந்து தருகிறார்கள். அவரும் விடுமுறையில் இருந்த குரு, நானும் விடுமுறையில் இருந்த குரு. மேற்கொண்டு அந்த ஒப்புமையை நீட்ட எனக்கு விருப்பமில்லை.

தூத்துக்குடிக்கும் சென்னைக்கும் அருகில் வாழும் வாசகர்களே, உங்கள் துறைமுகத்திலும் இன்று கப்பல்கள் நிற்கின்றன. அவற்றில் பிலிப்பீனியரும் இந்தோனேசியரும் உக்ரேனியரும் இருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளை மால்டாவில் கம்பியருகே நின்று கரையைப் பார்ப்பதுபோல், அவர்கள் நம் கரையைப் பார்க்கிறார்கள். சபையாக அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று உங்கள் போதகரைக் கேளுங்கள். அவர் ஜெபிக்கிறேன் என்று சொன்னால் மறுபடியும் கேளுங்கள்.

இதை எழுதத் தொடங்கியபின் எனக்கு இன்னொன்றும் தட்டுப்பட்டது. அதையும் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. எங்கள் ஆலயத்தில் கோயில்பிள்ளையாக இருப்பவர் ஞாயிறு அதிகாலை நாலரைக்கு மணியடிக்க வருகிறார். மூன்று ஆராதனைகள், ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் எல்லாம் முடிந்து இரவு ஒன்பதுக்கு விளக்கணைத்துப் பூட்டிச் செல்கிறார். மற்ற நாள்களில் திருமணமோ அடக்கமோ உண்டு. ஓய்வுநாளின் சிறப்பைப் பற்றி நான் பிரசங்கிக்கும்போதெல்லாம் அவர் கதவோரம் நின்றுதான் கேட்டிருக்கிறார். ஊர் திரும்பிய வாரம் அவரிடம், "உங்களுக்கு என்னைக்கு லீவு?" என்று கேட்டேன். என்னிடம் அவர் பணிசெய்யும் ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக.

அவர் யோசித்தார். "மழை பெஞ்சு கூட்டம் ரத்தானா உண்டு ஐயா" என்றார்.

வாரத்தில் ஒரு முழு நாள் அவருக்கு விடுப்பு, அந்நாளில் மணியடிக்கவும் பெருக்கவும் மாற்றாள் ஒருவர் என்று சபைக்குழுவுக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை குழு கூடுகிறது. மாற்றாளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து என்ற கேள்வி வரும் என்று பொருளாளர் முன்கூட்டியே தெரிவித்திருக்கிறார். அதுவரை செவ்வாய்க்கிழமைகளில் மாலை மணியை நான் அடிக்கிறேன். கயிறு நினைத்ததைவிடக் கனமாக இருக்கிறது.